மூங்கில்ல சைக்கிள் செஞ்சா ஓடுமா?

மூங்கில்னு சொன்னதும் நம்ம ஊர்ப்பக்கம் ஆளுங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? ஏணி, தொரட்டி, கொட்டகைக் கால், கூடை, சிலம்பக் கம்பு, கடைசியா பாடை. கொஞ்சம் பக்திமான்களா இருந்தா நெல்லையப்பர் ஞாபகம் வருவார். திருநெல்வேலிக்கே வேணுவனம்னு ஒரு பேரு உண்டு. வேணுன்னா மூங்கில். சாமி பேரு வேணுவனநாதர், கோயிலோட தல விருட்சமும் மூங்கில்தான். ஆக, நாங்கள்லாம் பரம்பரையா மூங்கில் காட்டு ஆளுங்க :-) ஆனா இந்தப் பட்டியல்ல சைக்கிளும் ஒரு நாள் வந்து சேரும்னு யாரும் நெனச்சிருக்க மாட்டாங்க.

இந்தப் பதிவு மூங்கில் சைக்கிள் பத்தித்தான். பதறாதீங்க மக்கா, டயர், ரிம், செயின், பெடல் எல்லாம் வழக்கம்போல உலோகமும் ரப்பரும்தான். ஃப்ரேம் மட்டும், அதாவது நாம குரங்கு பெடல் போட்டப்போ காலை உள்ள விடுவோமே அந்த முக்கோணம், அது மட்டும் மூங்கில். முன்னாடி சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கைக் கூட பெரும்பாலும் எஃகுலயோ கார்பன்லயோதான் வெக்கிறாங்க.

திடீர்னு இது எதுக்குன்னா, எங்க ஊர்ல ஒருத்தன் இதை நம்பி கடன் வாங்கப் பாத்தான்.

எங்க ஊர் மேலநீலிதநல்லூர். சங்கரன்கோவில் பக்கம். முன்னாடி திருநெல்வேலி மாவட்டம், 2019 நவம்பர்லேர்ந்து தென்காசி மாவட்டம். கரிசக்காடு. மத்த மாசமெல்லாம் வெயில், வைகாசி கடைசியிலேர்ந்து ஆவணி வரைக்கும் காத்து. மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து, எதிர்த்து சைக்கிள் மிதிச்சா நின்ன இடத்துலயே நிப்பீங்க. அந்தக் காத்தை நம்பித்தான் சுத்துவட்டாரத்துல இத்தனை காற்றாலை நிக்குது.

எங்க சித்தி மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு, ஒரு காண்ட்ராக்டர்கிட்ட காற்றாலை பிளேடு ரிப்பேர் பாக்குற வேலைல இருக்கான். கயித்துல தொங்கிக்கிட்டே பாக்குற வேலை. சாயங்காலம் அவன் கீழ எறங்கிட்டேன்னு போன் பண்ற வரைக்கும் சித்திக்குத் தண்ணி கூட எறங்காது. காத்துக் காலத்துல பிளேடு மேல ஏற முடியாது, அதனால அந்த மூணு நாலு மாசம் வேலை கம்மி, காசும் கம்மி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப மொட்டை மாடில வெச்சுக் கேட்டான். "அண்ணே, மூங்கில் சைக்கிள் செஞ்சு வித்தா ஓடுமா? மூணு லட்சம் லோனுக்கு எழுதிப் போடலாம்னு இருக்கேன். தரையில நின்னு பாக்குற வேலையா இருந்தா அம்மாவும் நிம்மதியா இருக்கும். நீங்க இஞ்சினியர்தானே, ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஆணி புடுங்குற இஞ்சினியர். ஆனா கேட்டவன் தம்பி, பேசுறது மூணு லட்சம். அதனால ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரம் பூரா இதையேதான் படிச்சுட்டு இருந்தேன். படிச்சது, கணக்குப் போட்டது, ஊர்ல விசாரிச்சது எல்லாம் சேர்த்துத்தான் இது.

மொதல்ல ஒரு விஷயம். மூங்கில் சைக்கிள் புதுசு இல்ல. 1890கள்லயே இங்கிலாந்துலயும் ஆஸ்திரியாவுலயும் செஞ்சு வித்திருக்காங்க. அமெரிக்காவுல 1896-ல இதுக்குக் காப்புரிமை கூட வாங்கியிருக்காங்க. அந்தக் காலத்துல மூங்கிலோட முனையை உலோகக் குப்பிக்குள்ள சொருகி மூட்டு செஞ்சாங்க. இங்கதான் சிக்கல். மூங்கில் காஞ்சா சுருங்கும், உலோகம் சுருங்காது. கொஞ்ச நாள்ல மூட்டு ஆட ஆரம்பிக்கும். இன்னொரு பக்கம் எஃகுக் குழாய் மலிவாகிட்டே வந்துச்சு. மூங்கில் சைக்கிள் மியூசியத்துக்குப் போயிடுச்சு.

அப்புறம் நூறு வருஷம் கழிச்சு, கலிபோர்னியாவுல கிரெய்க் கேல்ஃபீன்னு ஒருத்தர். கார்பன் ஃபைபர் ஃப்ரேம் செய்றதுல பெரிய ஆளு, 1991 டூர் டி பிரான்ஸ்ல கிரெக் லெமாண்ட் ஓட்டின கார்பன் சைக்கிள் இவர் செஞ்சதுதான். இவரோட நாய் மூங்கில் குச்சியைக் கடிச்சு இழுத்து விளையாடியிருக்கு, குச்சி உடையவே இல்லை. மனுசன் அதைப் பாத்துட்டு 1995-ல ஒரு மூங்கில் ஃப்ரேம் செஞ்சார். இவர் குப்பி எதுவும் போடலை. மூங்கில் முனைகளைச் சேர்த்து வெச்சு, சணல் மாதிரியான நாரை எபாக்சி பிசின்ல நனைச்சு, வரிஞ்சு வரிஞ்சு சுத்தினார். பிசின் இறுகினதும் அதுவே மூட்டு. இன்னிக்கு உலகத்துல எங்க மூங்கில் சைக்கிள் செஞ்சாலும் பெரும்பாலும் இந்த முறையோ இதோட தங்கச்சி முறையோதான்.

சரி, பலம்? மூங்கில் எஃகை விடப் பலம்னு ஒரு வரி இணையத்துல சுத்திக்கிட்டே இருக்கும். அதை அப்படியே நம்பாதீங்க. நான் ஒரு சின்ன கணக்கு போட்டேன்.

சாதாரண எஃகு ஃப்ரேம் குழாய் ஒண்ணு எடுத்துக்கோங்க. வெளி விட்டம் 28.6 மி.மீ., சுவர் 1.2 மி.மீ. இன்னொரு பக்கம் 40 மி.மீ. விட்டத்துல, 6 மி.மீ. சுவரோட நல்லாக் காஞ்ச மூங்கில். எஃகோட விறைப்பு எண் சுமார் 200, மூங்கிலுக்கு நார் ஓடுற திசையில 18-னு வெச்சுக்குவோம். அதாவது பதினோரு மடங்கு கம்மி. ஆனா குழாய் வளையுறதைத் தடுக்கிறதுல விட்டம் நாலாம் அடுக்குல வேலை செய்யும். மூங்கில் தடிமனா இருக்கறதால, கடைசியில கணக்குப் பாத்தா மூங்கில் குழாய் எஃகுக் குழாயோட விறைப்புல கிட்டத்தட்ட 90 சதவீதம் வந்துடுது. எடை? எஃகு ஒரு மீட்டருக்கு சுமார் 810 கிராம், மூங்கில் சுமார் 480 கிராம். காலேஜ்ல 'மெக்கானிக்ஸ் ஆஃப் சாலிட்ஸ்' அரியர் வெச்ச நானே போடுற கணக்கு இது. நீங்களும் போட்டுப் பாருங்க.

ஆக, விறைப்பு கிட்டத்தட்ட அதே, எடை நாப்பது சதவீதம் கம்மி. இதுக்கு மேல ஒரு போனஸ். மூங்கில் அதிர்வை உறிஞ்சும். நம்ம ஊர் ஜல்லி பேந்த ரோட்டுல எஃகு ஃப்ரேம் கையில 'ஜிர்ர்ர்'னு ஏத்துற அதிர்வு, மூங்கில்ல மழுங்கித்தான் வரும்னு ஓட்டினவங்க சொல்றாங்க.

உழைக்குமான்னு கேட்டா, அதுக்கும் உதாரணம் இருக்கு. இங்கிலாந்துக்காரம்மா ஒருத்தர், கேட் ராவ்ல்ஸ். அங்க ஈடன் ப்ராஜெக்ட்னு ஒரு தாவரப் பூங்காவுல வளந்த மூங்கில்ல தன் கையாலயே ஃப்ரேம் கட்டி, கொலம்பியாவிலேர்ந்து தென் அமெரிக்காவோட தெற்கு முனை வரைக்கும் ஓட்டியிருக்காங்க. 13 மாசம், 8,288 மைல். ஆண்டிஸ் மலை மேடு பள்ளம், மழை, பனி, முதுகுல மூட்டை முடிச்சு எல்லாத்தையும் அந்த ஃப்ரேம் தாங்கியிருக்கு. 2023-ல அதைப் புத்தகமாவும் போட்டாங்க.

இதையெல்லாம் தூக்கிக்கிட்டு எங்க ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சிகிட்ட போனேன். நாப்பது வருஷமா கோட்டம் எடுத்து, பஞ்சர் ஒட்டி, ஓவராயில் பண்ணிக்கிட்டு இருக்கற கை. போன்ல படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்தாரு.

"தம்பி, மூங்கில்ல பாடைதான் கட்டுவாக. அதுலயும் நாலு பேரு தூக்குவாக, இதுல ஒத்தையாளு ஏறி மிதிக்கணுங்கிய" அப்படின்னாரு :-)

சிரிச்சு முடிச்சதும் அவரு கேட்ட மூணு கேள்விதான் இந்தப் பதிவோட முதுகெலும்பு.

மொத கேள்வி: "கேரியர்ல என்ன ஏத்துவ?"

எங்க ஊர்ல சைக்கிள்ங்கிறது உடற்பயிற்சி சாமான் இல்ல. ரெண்டு பக்கமும் குடம் கட்டணும். பால் கேன் தொங்கணும். புல்லுக்கட்டு, உர மூட்டை, முன்னாடி பார்ல புள்ள, பின்னாடி கேரியர்ல பொண்டாட்டி. மூங்கில் ஃப்ரேம்ல ரொம்ப ஒல்லியான பகுதி எதுன்னா, சீட்டுக்கு அடியிலேர்ந்து பின் சக்கரத்துக்கு எறங்குற ரெண்டு குச்சி. கேரியர் பாரம் நேரா அங்கதான் வந்து உக்காரும். அதுவும் நம்ம ஆளுங்க பாரத்தை ஒரு பக்கமா சாய்ச்சுத்தான் கட்டுவாங்க. மூங்கில் நீளவாக்குல இழுத்தா தாங்கும், முறுக்கினா பிளக்கும். நார் எல்லாம் ஒரே திசையில ஓடறதால அதோட குணமே அதுதான். கணுதான் பிளவு மேல பரவாமத் தடுக்கும்.

ஒருத்தர் ஓட்ட, முதுகுல ஒரு பை மாட்ட, மூங்கில் போதும். ஊர்ப் பாரம் இழுக்கறதுக்கு எஃகு ரோட்ஸ்டரை எதுவும் அசைக்க முடியாது.

ரெண்டாவது கேள்வி: "உடைஞ்சா யாரு பத்த வெப்பா?"

எஃகு ஃப்ரேம் உடைஞ்சா சங்கரன்கோவில் போக வேண்டாம், முக்குல இருக்கற வெல்டிங் பட்டறையில அரை மணி நேரத்துல பத்த வெச்சு ஓட்டிட்டு வந்துடலாம். மூங்கில் மூட்டு விட்டுச்சுன்னா பழைய சுத்தை ராவி எடுக்கணும், புதுசா நார் சுத்தணும், பிசின் இறுக ஒரு நாளாவது காத்திருக்கணும். வயக்காட்டுக்குப் போற மனுசனுக்கு அந்த ஒரு நாள் பெரிசு. அதே சமயம் இன்னொண்ணையும் சொல்லணும். குழாய்ல நீளவாக்குல விழுற விரிசல் பெரும்பாலும் உடனே ஆளைக் கவுக்காது, கண்ணுல படும், கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்து சேரலாம். பயப்பட வேண்டியது மூட்டைத்தான். அதுலயும் ஹேண்டில்பார் எறங்குற முன் மூட்டு. அது விட்டுச்சுன்னா பல்லு போயிடும், பல்லோட நின்னா பாக்கியம்.

மூணாவது கேள்வி: "சித்திரை வெயில்ல நிறுத்தி வெப்பியா?"

இதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட கேள்வி. அறை வெப்பத்துல இறுகுற சாதாரண எபாக்சி, 50-60 டிகிரி வந்தாலே மெதுவா இளக ஆரம்பிச்சுடும். எங்க ஊர் சித்திரையில நிழல்லயே நாப்பதை ஒட்டி அடிக்கும். வெயில்ல நிக்கிற கருப்பு மூட்டு எவ்வளவு சுடும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க, மத்தியானம் சைக்கிள் சீட்ல உக்காந்து எழுந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புற ஊதாக் கதிரும் பிசினைச் சுரண்டும். மூங்கிலும் கரிசக்காட்டு வறட்சியில சுருங்கும், ஐப்பசி மழையில ஈரம் குடிச்சு உப்பும். லண்டன்ல பிரச்னை ஈரம். இங்க பிரச்னை சூடு.

இந்த மூணு கேள்வியையும் அப்படியே கொண்டு போய் தம்பிகிட்ட போட்டேன். மொத ரெண்டுக்கும் பேசாம இருந்தான். மூணாவதுக்கு அவன் சொன்ன பதில்லதான் எனக்கு இந்த விஷயம் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது.

"அதுக்கு வேக வெக்கணும்ணே. பிளேடு வேலையில கிளாஸ் துணி போட்டு ரெசின் தடவுனதுக்கு அப்புறம், மேல ஹீட்டர் பிளாங்கெட் சுத்தி எழுவது டிகிரில சில மணி நேரம் வெப்போம். அப்படி வேக வெச்சா அது லேசுல எளகாது."

அடப்பாவி! காற்றாலை பிளேடுங்கிறதே கண்ணாடி நாரும் பிசினும்தானே. நார்த் துணியை எந்தக் கோணத்துல போடணும், பிசினும் ஹார்டனரும் எந்த அளவுல கலக்கணும், காத்துக் குமிழி இல்லாம எப்படி உருட்டணும், எவ்வளவு நேரம் வேக வெக்கணும் - இதெல்லாம் அவன் தினமும் அந்தரத்துல தொங்கிக்கிட்டு செய்ற வேலை. மூங்கில் ஃப்ரேம்ல கஷ்டமான பகுதி மூங்கில் இல்ல, மூட்டு. அந்த மூட்டுத் தொழில் எங்க ஊர்ப் பசங்க கையில ஏற்கனவே இருக்கு!

இன்னொண்ணும் சொன்னான். பிளேடுல உள்ள பிரிஞ்சிருக்கான்னு பாக்க, காசை வெச்சு தட்டிப் பாப்பாங்களாம். நல்ல இடத்துல 'டிங்'னு கேக்கும், பிரிஞ்ச இடத்துல 'டொக்'னு கேக்கும். மூங்கில் மூட்டுக்கும் இதே சோதனை செல்லும். அஞ்சு ரூபாய்க் காசு ஒண்ணு, கொஞ்சம் காது, போதும்.

இதே மாதிரி சத்தமில்லாம ஒரு வேலையை கிராமத்துல செஞ்சு காட்டினவர் இந்தோனேசியாவுல இருக்கார். நடு ஜாவால தெமாங்குங் பக்கம் ஒரு கிராமம், சிங்கி கார்த்தோனோன்னு வடிவமைப்பாளர். ஏற்கனவே மரத்துல ரேடியோ செஞ்சு வெளிநாட்டுக்கு வித்துக்கிட்டு இருந்தவர். 2013 வாக்குல ஸ்பெடாகின்னு மூங்கில் சைக்கிள் ஆரம்பிச்சார். அவங்க மொழியில செபேடான்னா சைக்கிள், பாகின்னா காலைப்பொழுது, ரெண்டையும் சேர்த்து வெச்ச பேரு. அவர் மூங்கிலை முழுக் குழாயா பயன்படுத்தலை, பெரிய மூங்கிலைப் பிளந்து பட்டை பட்டையா ஒட்டி குழாய் செய்றார். கிராமத்துக்கு வேலையைத் திரும்பக் கொண்டு வரணும்ங்கிறதுதான் அவர் நோக்கம். கானாவோட குமாசியில பெர்னீஸ் டபான்னு ஒரு பெண் 2009-ல ஆரம்பிச்ச அமைப்பு, இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் ஃப்ரேம் கட்டப் பழக்குது, அது வெளிநாட்டுக்கும் போகுது. நம்ம நாட்டுலயே புனேல விமானப்படை விமானி ஒருத்தர், ஷஷிசேகர் பாட்டக், பாம்பூச்சின்னு பேரு வெச்சு செஞ்சிருக்கார்.

லண்டன்ல 2012-ல ஆரம்பிச்ச பாம்பூ பைசைக்கிள் கிளப் இன்னும் விவரம். அவங்க விக்கிறது சைக்கிளை இல்ல. காசு கட்டிட்டு நீங்க போகணும், உங்க ஃப்ரேமை உங்க கையாலயே கட்டிட்டு வரணும். செய்ற சந்தோஷத்துக்குத்தான் விலை. மேலே சொன்ன ராவ்ல்ஸ் அம்மா சைக்கிள் கட்டினதும் அங்கதான்.

இதுல எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, மறைக்காம சொல்லிடறேன். மூங்கில் நம்ம ஊர்ல ஏழை வீட்டு சாமான். அதையே சைக்கிளா கட்டினா பெங்களூர்ல ஏசி ரூம்ல மாட்டி வெக்கிற பொருளாயிடுது. மேலநீலிதநல்லூர்ல யாரும் மூங்கில் சைக்கிள் வாங்கப் போறதில்லை. காசு இருக்கறவன் எக்ஸெல் வெச்சிருக்கான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு ப்ளஸ் ஒன்ல அரசாங்கமே விலையில்லா சைக்கிள் குடுக்குது, பெருசுங்க பழைய சைக்கிளை விடமாட்டாங்க. வாங்குறவங்க இருந்தா அது சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்ல. அங்க போட்டி யாரோடன்னா, கியர் வெச்ச அலுமினிய சைக்கிளோட. அதுல நீங்க விலையில ஜெயிக்கவே முடியாது. ஒரு ஃப்ரேம் கையால கட்ட ஒரு வாரம் பத்து நாள் உழைப்பு வேணும்.

இன்னொரு உறுத்தல், இந்த 'பசுமை' பேச்சு. மூங்கில் புல் வகை, வெட்ட வெட்டத் துளிர்க்கும், மூணு நாலு வருஷத்துல முத்திடும், எல்லாம் சரி. ஆனா எபாக்சி பெட்ரோலியத்துலேர்ந்து வர்றது, மக்காது. டயர், செயின், ரிம் எல்லாம் அதே ஆலைச் சரக்கு. நிஜமாவே பசுமையான சைக்கிள் எதுன்னா, எங்க தாத்தா வாங்கின அட்லஸ்தான். அதைச் செஞ்ச கம்பெனியோட கடைசி ஆலை 2020 ஜூன் 3-ம் தேதி, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்னிக்கு, உற்பத்தியை நிறுத்திடுச்சு. வண்டி இன்னும் ஓடுது.

அப்ப எதுக்குத்தான் மூங்கில் சைக்கிள்?

எனக்குத் தோணுறது இதுதான். உலை இல்லாம, பெரிய மெஷின் இல்லாம, ரம்பம், ராவி, பிரஷ், கொஞ்சம் பொறுமை மட்டும் வெச்சு ஒரு ஆள் தன் வீட்டுத் திண்ணையில உக்காந்து செய்யக்கூடிய வாகனம் உலகத்துல ரொம்பக் கம்மி. இது அதுல ஒண்ணு. சரக்கு மலிவு, வேலைப்பாடுதான் விலை. வேலைப்பாடு தெரிஞ்ச கை எந்தக் கிராமத்துல இருந்தாலும் சரி. அந்தக் கை எங்க சித்தி வீட்டுல இருக்கு. தரையில நின்னு செய்யலாம்ங்கிறது கூடுதல் வசதி.

ஆனா கை இருக்குன்னு மூணு லட்சம் கடன் வாங்கிட முடியாது. விக்கிற சைக்கிள்னா அது அடுத்தவன் உயிர். ஐஎஸ்ஓ 4210-ன்னு சைக்கிள் பாதுகாப்புக்கு ஒரு தர விதி இருக்கு. அதுல ஃப்ரேமோட பெடல் பக்கம் மாத்தி மாத்தி 1,00,000 தடவை அழுத்திப் பாப்பாங்க, 22.5 கிலோ எடையை மேலேர்ந்து போட்டுப் பாப்பாங்க. அதுல விரிசல் விடாம நிக்கணும். மூங்கில்ல ஒவ்வொரு கழியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், எஃகுக் குழாய் மாதிரி ஆலையில ஒரே சீரா செஞ்சது இல்ல. ஒரு ஃப்ரேம் நின்னா அடுத்ததும் நிக்கும்னு சொல்ல, நிறைய கழியைப் பாத்துப் பழகணும்.

அதனால தம்பிகிட்ட நான் சொன்னது இதுதான். லோன் வேண்டாம். வேலையையும் விட வேண்டாம். காத்துக் காலத்துல சும்மா இருக்கற மூணு மாசத்துல ஒரே ஒரு ஃப்ரேம் கட்டு. சரக்குக்கு ஆகுற காசு என்னோடது. கட்டின ஃப்ரேமை ஒரு வருஷம் ஓட்டு. ஒரு மழைக்காலம், ஒரு சித்திரை தாண்டணும். வாரா வாரம் காசால தட்டிப் பாத்து நோட்டுல எழுது. அது நின்னா ரெண்டாவது கட்டு, அதை வேணும்னே மணல் மூட்டை ஏத்தி உடைச்சுப் பாரு, எங்க உடையுதுன்னு தெரியும். அதுக்கப்புறம் விக்கிறதைப் பத்திப் பேசலாம்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். "அப்ப இன்னும் ரெண்டு வருஷம் கயித்துலதான்" அப்படின்னான். அதுக்கு நான் என்ன சொல்ல? கடனோட தரையில நிக்கிறதை விட அது பரவாயில்லைன்னு பெங்களூர்ல ஏசில உக்காந்திருக்கற நான் சொல்றது சுலபம். சித்தி மட்டும் உள்ளேர்ந்து, "அவன் சொல்லுததும் சரிதானல. கடன்காரன் வீட்டு வாசல்ல வந்து நின்னாலும் எனக்குத் தண்ணி எறங்காது" அப்படின்னுச்சு.

வேலை ஆரம்பிச்சாச்சு. மூங்கில் எடுத்ததுல சில விஷயம், யாருக்காவது உதவலாம்.

மலையில போய் வெட்டிட்டு வந்துடலாம்னு நெனைக்காதீங்க. எங்க மேற்கே இருக்கற மலை காப்புக்காடு, 2015-லேர்ந்து அதுல பெரும்பகுதி நெல்லை வனவிலங்கு சரணாலயம். ஆனா பட்டா நிலத்துல வளர்ற மூங்கிலுக்கு முன்ன இருந்த தொல்லை இல்ல. 1927 வனச் சட்டத்துல மூங்கிலையும் மரம்னு சேர்த்து வெச்சிருந்தாங்க. 2017-ல சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளிய வளர்ற மூங்கிலை மரக் கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்க. தெரிஞ்சவர் தோட்டத்துல கல்மூங்கில் இருந்துச்சு. லத்தி, சிலம்பக் கம்புக்கு எடுக்கறது. சுவர் தடிமனா, சிலது கிட்டத்தட்ட கெட்டியாவே இருக்கும். ஃப்ரேமோட ஒல்லிக் குச்சிகளுக்கு அதுதான் தோது. பெரிய குழாய்களுக்கு அதே தோப்புல விட்டம் பெருசா, உள்ள துளை இருக்கற கழியாப் பாத்து எடுத்தோம். மூணு வருஷத்துக்கு மேல முத்தின கழியாப் பாத்து, தை மாசம் தேய்பிறையில வெட்டினோம். தேய்பிறை தோட்டக்காரர் சொன்னது. கழியில மாவுச்சத்து கம்மியா இருக்கறப்ப வெட்டினா வண்டு லேசுல வராதுங்கிறது அறிவியல். ரெண்டு பேருக்கும் சண்டை இல்லாம போச்சு. அப்புறம் கணுவை உள்ளுக்குள்ள கம்பியால குத்தி, வெண்காரமும் போரிக் ஆசிடும் கலந்த தண்ணில ஊறப் போட்டு, இப்ப சித்தி வீட்டுப் பரண்ல நிழல்ல காயுது. அவசரப்பட்டு வெயில்ல போட்டா அப்பவே வெடிச்சிடும். ஆனி வரைக்கும் காயணும்.

நாருக்கு மொதல்ல சணல், பனை நார்னு கனவு கண்டோம். தம்பி கறாரா கிளாஸ் துணின்னுட்டான், அவன் கைக்குப் பழகினது அது. வேக வெக்க, தகரப் பெட்டி ஒண்ணு செஞ்சு கருப்புப் பெயிண்ட் அடிச்சு வெயில்ல வெக்கிறதா திட்டம். எங்க ஊர் வெயில் ஒரு நல்ல காரியத்துக்காவது உதவட்டும் :-)

பெடல் ஆக்ஸில் உக்கார்ற குழாய், ஹேண்டில்பார் எறங்குற குழாய், பின் சக்கரம் மாட்டுற காது, இது மூணும் உலோகமாத்தான் இருக்கணும். அண்ணாச்சி கடை மூலையில கெடந்த உடைஞ்ச ஹெர்குலிஸ் ஃப்ரேம்லேர்ந்து அறுத்துத் தர்றேன்னு சொல்லிட்டாரு. காசு வேண்டாமாம். ஒரே ஒரு நிபந்தனை. "கட்டி முடிச்சதும் மொத ரவுண்டு நாந்தான் ஓட்டுவேன். எப்படியும் ஒரு நா மூங்கில்ல போகத்தான போறேன், உசுரோட ஒரு தடவ போய்ப் பாத்துருதேன்."

மூட்டைச் சுத்தும்போது நார்க் கோணம், எத்தனை அடுக்கு, எந்த மூட்டுக்கு எவ்வளவு தடிமன்னு இன்னும் முடிவு பண்ணலை. கைப்பட மூங்கில் ஃப்ரேம் கட்டினவங்க, இல்ல ஃபைபர் படகு, ஃபைபர் டேங்க் வேலை பாத்தவங்க யாராவது படிச்சா பின்னூட்டத்துல ரெண்டு வரி போட்டுட்டுப் போங்க. குறிப்பா வெயில் ஊர்க்காரங்க.

டிஸ்கி: தயவு செஞ்சு இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டு ஏணியைப் பிரிச்சுடாதீங்க. அது சாரம் கட்டுற மூங்கில், ஃப்ரேமுக்கு ஆகாது :-)